ஒற்றைச் செருப்புக்குக் கீழே ஒரு பின்னூட்டம்

மழைக்காலத்தில் பசை காய்வதில்லை. மற்ற நாட்களில் தோலின் பின்பக்கத்திலும் அடிரப்பரின் முகத்திலும் பசையைத் தடவி ஜன்னலோரம் வைத்தால், ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஒட்டுகிற பதம் வந்துவிடும். விரல் நுனியால் தொட்டால் விரலோடு வரக்கூடாது. அதற்காக முழுக்கக் காயவும் விடக்கூடாது. அந்தப் பதத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டால் அப்புறம் பிரிக்க ஆள் பிறந்துதான் வரவேண்டும். மழை பெய்தால் இது எதுவும் நடக்காது. பசை வெளுத்துப்போய் அப்படியே நிற்கும். காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் அவள் பின்னூட்டம் போடுவாள்.

கடை என்பது வீட்டின் முன்னறை. சந்து குறுகலானது; எதிர்வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்களின் கால்கள் மட்டும்தான் ஜன்னலில் தெரியும். ஒரு தையல் இயந்திரம், வெட்டுப்பலகை, மரத்தில் செதுக்கிய பாதக்கட்டைகள் வரிசையாக அடுக்கிய ஒரு தட்டு, சுவரில் தொங்கும் பழுப்புக் காகிதச் சுருள்கள். ஒவ்வொரு சுருளும் யாரோ ஒருவருடைய பாதம். மூலையில் ஒரு பழைய கணினி. அதன் விசைகளுக்கு இடையில் தோல் தூசு போய் உட்கார்ந்திருக்கும்.

அவள் கணவரை அந்தச் சந்தில் அளவுக்காரர் என்பார்கள். கடையில் விற்கிற செருப்பு எதுவும் சேராத கால்களுக்குச் செருப்பு செய்வது அவர் வேலை. சர்க்கரை நோயில் உணர்ச்சி போன கால், ஒரு பக்கம் எலும்பு தள்ளிய கால், விரல் எடுத்த கால், இன்னொன்றைவிடக் குட்டையான கால். வந்தவரைக் காகிதத்தின்மேல் நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாதத்தைச் சுற்றி வருவார். பிறகு அவரை உட்காரவைத்து உள்ளங்கையால் அடிப்பாதத்தைத் தடவிப் பார்ப்பார், எங்கே சூடு, எங்கே தடிப்பு என்று. அவர் செய்கிற செருப்பில் ஆணி கிடையாது. பசையும் நூலும்தான். உணர்ச்சியில்லாத காலில் ஆணி ஏறினால் காலுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது என்பார். அதற்குமேல் அவரிடமிருந்து பேச்சை வாங்குவது கஷ்டம்.

அவரிடம் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தது ஒரு டாக்டர். அந்த டாக்டர் தொழிலை விட்டு மகளோடு போய் இருந்துகொண்டார். அவர் போனதும் கடைக்கு வருகிற கால்கள் குறைந்தன. புதிதாகத் திறந்த சர்க்கரை நோய் மருத்துவமனை ஒன்று பெரிய சாலையில் இருந்தது. அங்கே வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி நல்ல மனசுக்காரி. "உங்க வேலையைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன் அக்கா. கடைக்குன்னு ஒரு இணையதளம் இருக்கான்னு கேட்டாங்க. இருந்தா பார்த்துட்டு, பேஷன்ட்ஸை அனுப்பறதைப் பத்தி யோசிக்கறேன்னு சொன்னாங்க" என்றாள். அது நடந்தால் கடை பிழைக்கும். நடக்காவிட்டால் மூடிவிட்டு ஊருக்கு வெளியே இருக்கும் செருப்புத் தொழிற்சாலைக்கு அளவுக்காரர் போகவேண்டும். அங்கே மேற்பார்வையாளர் ஏற்கெனவே வரச்சொல்லியிருந்தார். நாளெல்லாம் ஒரே அளவு, ஒரே வார், ஒரே இடத்தில் தையல்.

அளவுக்காரருடைய தம்பி கணினி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தான். கோடை தொடங்கும்போது தளத்தை அவன்தான் செய்துகொடுத்தான். நீல நிறத்தில், மேலே ஒரு பாதத்தின் படத்தோடு. செய்து முடித்த அன்று மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அழகா இருக்கு தம்பி" என்றாள் அவள். "இனிமே ஆள் வருமில்ல?"

"இப்பவே எங்க வரும் அண்ணி. காட்டுக்குள்ள கடை வச்ச மாதிரிதான் இது. மத்தவங்க பக்கத்துல இருந்து நம்ம பக்கத்துக்கு வழி இருக்கணும். நாலு பேர் கை காட்டற கடைக்குத்தானே புதுசா வர்றவன் போவான்? தேடற மெஷினும் அதைத்தான் பார்க்குது. எத்தனை பேர் இந்தப் பக்கத்தைக் கை காட்டறாங்கன்னு."

"யாரு நமக்குக் கை காட்டுவா?"

"நாமளே போய்க் காட்ட வைக்கணும். நிறையப் பேர் வலைப்பூ எழுதறாங்க. கால் வலி, சர்க்கரை, சமையல், கவிதை, என்னென்னமோ. கீழே பின்னூட்டம் போட இடம் விட்டிருப்பாங்க. நல்லதா ரெண்டு வரி எழுதணும். பேர்னு கேக்கற கட்டத்துல கடை பேர், அதுக்குக் கீழ நம்ம தளத்தோட முகவரி. அந்தப் பேரைத் தொட்டா நேரா இங்க வந்து நிப்பாங்க."

அளவுக்காரர் வார் ஒன்றின் ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அவங்க வீட்டு வாசல்ல போய் நம்ம போர்டை மாட்டறதா?"

"எல்லாரும் மாட்டறாங்கண்ணா."

"கை காட்டறவன் தானா காட்டணும். அவன் கையைப் பிடிச்சு நம்ம பக்கம் திருப்பிவிட்டா அதுக்குப் பேர் என்ன?"

"விளம்பரம்" என்றான் தம்பி. அவள் சிரித்தாள். அவர் மறுபடி சீவத் தொடங்கினார்.

பேர் கட்டத்தில் 'சர்க்கரை நோயாளிகளுக்கான அளவுச் செருப்பு' என்று இருக்கட்டும் என்றான் தம்பி. தேடுகிறவர்கள் அப்படித்தான் தேடுவார்களாம். முதல் வாரம் அவளுக்கு அது ஒரே வேடிக்கையாக இருந்தது. ரோஜாச் செடி வளர்ப்பதைப் பற்றி எழுதிய ஒரு பெண்மணி, 'வருகைக்கு நன்றி சர்க்கரை நோயாளிகளுக்கான அளவுச் செருப்பு அவர்களே, அடிக்கடி வாருங்கள்' என்று பதில் போட்டிருந்தாள். கவிதை எழுதுகிற ஒருவர் 'நன்றி தோழர் செருப்பு' என்று சுருக்கிவிட்டார். அதைப் படித்துக் காட்டியபோது அளவுக்காரருக்கே உதட்டோரம் அசைந்தது. தம்பி வீட்டுக்குள் வரும்போதெல்லாம் "தோழர், தேநீர் கிடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தான்.

முதலில் படித்துவிட்டுத்தான் எழுதினாள். ரோஜாச் செடியைப் படித்தாள். வேர் அழுகாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பசை காய்கிற நேரத்துக்குள் அப்படி எத்தனை படிக்க முடியும்? "நீங்க பரீட்சைக்கா படிக்கறீங்க அண்ணி" என்றான் தம்பி. சில வரிகளை எழுதித் தனியே வைத்துக்கொள்ளச் சொன்னான். 'அருமையான பதிவு. உங்கள் நடை சிறப்பு. தொடருங்கள்.' இது எதற்கும் பொருந்தும். 'மிகவும் பயனுள்ள தகவல். பகிர்வுக்கு நன்றி.' இது உடம்பைப் பற்றி எழுதியவர்களுக்கு. செருப்பு, பாதம், நடை என்று தலைப்பில் வந்தால் அதற்கென்று ஒன்று: 'பயனுள்ள பதிவு. உங்கள் இரண்டு பாதங்களையும் பாதுகாக்க எங்கள் கடைக்கு வாருங்கள்.' எடுப்பது, ஒட்டுவது, அடுத்த பக்கம். அதுவும் ஒட்டு வேலைதான். அவளுக்குக் கை வந்த வேலை.

கோடை போய் மழை பிடித்துக்கொண்டது. பசை காயவில்லை. அவள் நாள் முழுக்க ஒட்டினாள்.

நர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டபோது அளவுக்காரர் தோல் வாங்கக் கிளம்பிப் போயிருந்தார்.

"அக்கா, டாக்டர் ஒருவழியா உங்க கடை பேரைப் போட்டுத் தேடினாங்க."

"பார்த்தாங்களா? என்ன சொன்னாங்க?"

அந்தப் பக்கம் பின்னால் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"உங்க பக்கம் ரெண்டாவதாத்தான் வந்துச்சு. முதல்ல வேற ஒண்ணு வந்துச்சு. நீங்களே பாருங்கக்கா. நான் சொல்ல மாட்டேன்."

அவள் தேடினாள். முதலில் வந்தது ஒரு வலைப்பூ. எழுதியவர் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். 'நடந்த தெருக்கள்' என்று பக்கத்துக்குப் பெயர். அந்தப் பதிவின் தலைப்பு 'ஒற்றைச் செருப்பு'.

இந்த முறை படித்தாள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த நாளைப் பற்றி அவர் எழுதியிருந்தார். வாசலில் வண்டியிலிருந்து இறக்கி, நாற்காலியில் உட்காரவைத்து உள்ளே தூக்கிப் போகிறார்கள். கதவோரம் செருப்புத் தட்டில் அவருடைய செருப்பு இரண்டும் அவர் விட்டுப்போனபடியே இருக்கின்றன. அக்கா அதைப் பார்த்துவிட்டு, இனி தேவைப்படாத வலது செருப்பை மட்டும் எடுக்கக் குனிகிறார். எடுக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். 'நான் தெருத்தெருவாக நடந்து பிழைத்தவன். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செருப்பை எங்கே போடுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை' என்று பதிவு முடிந்தது.

அதற்குக் கீழே முதல் பின்னூட்டம் அவளுடையது. 'பயனுள்ள பதிவு. உங்கள் இரண்டு பாதங்களையும் பாதுகாக்க எங்கள் கடைக்கு வாருங்கள்.'

அதற்குக் கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். 'இவர் மனிதர்தானா' என்று ஒருவர். 'இந்தக் கடைக்காரருக்கு ஒரு கால் போனால் தெரியும்' என்று ஒருவர். கடையின் பெயரைப் போட்டு, யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று ஒருவர். இன்னொருவர் அதைத் தன் பக்கத்திலும் எடுத்துப் போட்டிருந்தார். அதிலிருந்து இன்னும் பலர். கடையை இத்தனை பேர் கை காட்டியது அதுதான் முதல் தடவை. தேடுகிற இயந்திரம் எண்ணிப் பார்த்து மேலே கொண்டுவந்து வைத்துவிட்டது. மீட்டர்காரர் மட்டும் எதுவும் எழுதவில்லை.

தம்பியைக் கூப்பிட்டாள். அவன் ஓடி வந்து, நின்றபடியே படித்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"அழிச்சிடு தம்பி."

"நம்மால முடியாது அண்ணி. அது அவங்க சுவரு. அவங்கதான் அழிக்கணும்."

"நான்தானே எழுதினேன்?"

"எழுதறது நம்ம கையில. எடுக்கறது அவங்க கையில. ஒரு மன்னிப்பு எழுதிக் கேட்டுப் பார்ப்போம்."

எழுதினார்கள். பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நர்ஸிடம் பேசினாள். அது அங்கிருந்து போனால் டாக்டரிடம் மறுபடி பேசிப் பார்ப்பதாகவும், இருக்கிறவரை வாயைத் திறக்க முடியாது என்றும் நர்ஸ் சொன்னாள்.

அவர் வீடு எங்கே என்று தேடினாள். பழைய பதிவுகளில் கண்ணை ஓட்டிக்கொண்டே போனாள், முகவரி போல ஏதாவது தட்டுப்படுமா என்று. தன் வீட்டு மீட்டரைப் பற்றி அவர் எழுதிய ஒன்றில் தண்ணீர்த் தொட்டி, அதன் பின்னால் பச்சைக் கதவு என்று இருந்தது. ஊரின் மறுபக்கத்தில் அந்தத் தொட்டியை அவளுக்குத் தெரியும். போதும் என்று கணினியை மூடினாள்.

அளவுக்காரரிடம் சொல்லாமல் போகமுடியாது. அவர் பெயரில்தான் கடை.

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவர் வெட்டுப்பலகைக்கு வந்தபோது சொன்னாள். நடந்ததை வரிசையாகச் சொன்னாள், தம்பி மேல் எதையும் போடவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கத்தி பலகையின்மேல் கிடந்தது.

"என்ன எழுதினே, படி."

படித்தாள்.

"அவர் என்ன எழுதியிருக்கார்?"

அதையும் படித்தாள். குனிந்து எடுக்க முடியாமல் உட்கார்ந்துவிட்ட அக்கா வந்த இடத்தில் அவள் குரல் நின்றது. அவர் காத்திருந்தார். அவள் மீதியையும் படித்தாள்.

"மத்த இடத்துல என்ன எழுதியிருக்கே?"

"எல்லாம் ஒண்ணுதாங்க. அருமையான பதிவு, தொடருங்கள்."

"படி."

அவள் தேடித் தேடி எடுத்துப் படித்தாள். தாய் இறந்ததைப் பற்றி எழுதியவருக்கு 'உங்கள் நடை சிறப்பு'. வேலை போனவருக்கு 'தொடருங்கள்'. அவளே இப்போதுதான் அவற்றைப் பார்க்கிறாள். கோபத்தில் அவர் ஏதாவது சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது. மழை நின்று, எதிர்வீட்டு மாடிப்படியில் யாரோ ஈரக்காலோடு இறங்கிப் போனார்கள்.

"போதும்" என்றார்.

மாலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வா. போய்க் கேப்போம்."

பச்சைக் கதவைத் திறந்தது மீட்டர்காரரின் அக்கா. பருத்த உடம்பு, நரைத்த முடியை இழுத்து முடிந்திருந்தார். யார் என்று இவர்கள் சொன்னதும் கதவிலிருந்து கையை எடுக்காமல் இருவரையும் மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"நீங்களா அது? ஆளைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

"நான் எழுதினதுங்க" என்றாள் அவள். "இவர் எழுதலை."

"யார் எழுதினா என்ன. நல்லா எழுதினீங்க." திரும்பி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "உன் செருப்புக் கடைக்காரங்க வந்திருக்காங்கடா. உள்ள விடவா, இப்படியே அனுப்பிடவா?"

"மழைல நிக்க வைக்காதே" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

அறையில் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் கணினி வைத்த மேசை. மீட்டர்காரர் ஒல்லியாக, நீண்ட கைகளோடு இருந்தார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் வேட்டி தட்டையாகப் படிந்து கிடந்தது. இடது கால் தரையில். அதில் கடையில் வாங்கிய பெரிய ரப்பர் செருப்பு. அதன் வார் பாதத்தின் மேட்டில் அழுத்திச் சிவந்த கோடு விழுந்திருந்தது. அளவுக்காரரின் கண் நேராக அங்கே போனது. மீட்டர்காரர் அதைக் கவனித்தார். பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்துப் பாதத்தின்மேல் போட்டுக்கொண்டார்.

"உட்காருங்க."

அக்கா ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டார். இன்னொன்று இல்லை. அவள் நின்றாள்.

"நான் படிக்காம எழுதிட்டேங்க" என்றாள். "மன்னிச்சிடுங்க. தலைப்புல செருப்புன்னு இருந்துச்சு. அதைப் பார்த்தேன். எழுதிட்டேன்."

"தெரியும்" என்றார் மீட்டர்காரர். "படிச்சவங்க அப்படி எழுத மாட்டாங்க. எனக்கு அதுல கோபமில்லை. சொன்னா நம்பமாட்டீங்க. நான் வேலை பார்த்த காலத்துல கதவைத் தட்டுவேன், 'மீட்டர்'னு சொல்லுவேன், உள்ள போவேன், எண்ணைக் குறிச்சுக்குவேன், வந்துடுவேன். அந்த வீட்டுல கல்யாணமா சாவான்னுகூடப் பார்த்ததில்லை. ஒருதடவை பிணம் கிடந்த வீட்டுல மீட்டர்னு கத்தியிருக்கேன்."

"அதையும் எழுதியிருக்கான்" என்றார் அக்கா. "ஊர் முழுக்கச் சொல்லணுமா அதை?"

"அதுக்கும் இவங்க வந்து, அருமையான பதிவுன்னு போட்டிருந்தாங்க."

அக்கா மூக்கால் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அளவுக்காரர் பேச வாயெடுப்பது போல முன்னால் நகர்ந்தார். கேட்க வேண்டியதை அவர்தான் கேட்பதாக வழியில் பேச்சு.

"எப்படிங்க ஆச்சு? கால்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கேட்க வந்தது அதுவல்ல.

"ஆணி" என்றார் மீட்டர்காரர். "கால் முன்னாடியே மரத்துப் போச்சு. டாக்டர் மெத்துன்னு செருப்பு போடச் சொன்னார். எனக்கு வலது காலில எலும்பு தள்ளியிருக்கும், எந்தக் கடையிலயும் சேரலை. கடைசியா ஒரு பூட்ஸ் கிடைச்சுது. அதுல ஒரு ஆணி மேல வந்திருக்கு. நான் அதோட நடந்துட்டே இருந்திருக்கேன். நாள் கணக்கா. அக்காதான் தரையில ரத்தத்தைப் பார்த்தா."

"அளவெடுத்துச் செய்யற இடம் எதுவும் தெரியலையா உங்களுக்கு?"

கேட்டபிறகுதான் அந்தக் கேள்வியின் கனம் அவருக்குத் தெரிந்தது போலிருந்தது. மீட்டர்காரர் மேசைப் பக்கம் சாய்ந்து கணினியைத் திருப்பினார். நீண்ட விரலால் எதையோ தேடி எடுத்து, அவர்கள் பார்க்கும்படி வைத்தார்.

'ஒரு விசாரிப்பு' என்று தலைப்பு. போன கோடையில் எழுதியது. அவள் குனிந்து படித்தாள்.

'கால் மரத்துவிட்டது. வலது பாதத்தில் எலும்பு வேறு தள்ளியிருக்கிறது. கையால் அளவெடுத்துச் செருப்பு செய்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள். எவ்வளவு தூரமானாலும் போய்வருகிறேன். இன்னும் நடக்க ஆசை இருக்கிறது.'

அதற்குக் கீழே ஒரே ஒரு பின்னூட்டம்தான் இருந்தது.

'அருமையான பதிவு. உங்கள் நடை சிறப்பு. தொடருங்கள்.'

எழுதியவர் பெயர்: சர்க்கரை நோயாளிகளுக்கான அளவுச் செருப்பு.

கூரைத் தகரத்தில் மழை மறுபடி பிடித்தது. அக்கா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"பேரைப் பார்த்தேன்" என்றார் மீட்டர்காரர் மெதுவாக. "பார்க்காம இல்லை. ஆனா அதே ஆள் நாயைப் பத்தி நான் எழுதினதுக்கும் இதே வரியைப் போட்டிருந்தார். இது மனுஷங்க இல்லை, ஏதோ மெஷின் போட்டுட்டுப் போகுதுன்னு நினைச்சேன். நிஜமாவே அப்படி ஒருத்தர் இருந்தா நான் கேட்டதைப் படிச்சிருப்பாரே, நான் இருக்கேன் வாங்கன்னு ஒரு வார்த்தை எழுதியிருப்பாரேன்னு விட்டுட்டேன்."

அவளுடைய கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. அளவுக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். படித்து முடித்தும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு வந்தீங்க?" என்று அக்கா கேட்டார். "அதை எடுக்கச் சொல்லவா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார். "அந்தக் காலை ஒருதடவை காட்டுங்களேன். இடது காலை. வார் அழுத்துது."

"வேண்டாம்" என்றார் மீட்டர்காரர். குரலில் கடுமையில்லை. "இன்னிக்கு வேண்டாம்."

துண்டு நழுவாமல் இருக்க அதன் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர்த் தொட்டி வரை இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள்.

"கேக்கவே இல்லையே நீங்க."

"எந்த வாயால கேக்கறது?"

கொஞ்ச தூரம் போனபிறகு அவளே சொன்னாள். "கடை போயிடுமே."

அவர் குடையை அவள் பக்கம் சாய்த்தார்.

மாதம் பிறந்ததும் அவர் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கினார். காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவார். வாரில் ஓட்டை போடும் இயந்திரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். "எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டதற்கு, "எல்லாக் காலும் ஒரே கால்" என்றார். கடையில் எடுத்து வைத்திருந்த வேலைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துக் கொடுத்தார். தம்பி வந்து, தளத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றாள். தோழர் என்று அவன் இப்போதெல்லாம் கூப்பிடுவதில்லை.

பகலில் அவள் தனியாக இருந்தாள். 'நடந்த தெருக்க'ளை முதல் பதிவிலிருந்து படித்தாள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு சரி. மீட்டர் பெட்டிக்குள் கூடு கட்டிய குருவிக்காக மாதாமாதம் உத்தேசமாகக் கணக்கு எழுதிப் போட்டது. ஒரு வீட்டில் போகும்போதெல்லாம் யாரோ அழுவது காதில் விழுந்தும் ஒருநாளும் என்னவென்று கேட்காமல் வந்தது. நாட்கள் பிடித்தன. அவசரம் ஒன்றுமில்லை.

'ஒரு விசாரிப்பு' வந்தபோது நிறுத்தினாள். கீழே இருந்த அந்தக் கட்டத்தில் எழுத ஆரம்பித்தாள். எழுத வராமல் விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி உட்கார்ந்தாள். உணர்ச்சியில்லாத காலுக்கு ஆணி வைத்த செருப்பு கூடாது. எந்தச் செருப்பானாலும் போடுவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். பாதம் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் காகிதத்தின்மேல் நிற்கவைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரையவேண்டும். வார் அழுத்திச் சிவந்தால் அன்றே அதைக் கழற்றிவிட வேண்டும். கணவர் சொல்லிக் கேட்டதையெல்லாம் எழுதினாள். இதைக் கேட்டு இனி யாராவது இந்தப் பக்கம் வந்தால் அவர்களுக்கு ஆகட்டும் என்று நினைத்தாள். கடைசியில், 'இந்தப் பதிலைப் போன கோடையிலேயே எழுதியிருக்க வேண்டும்' என்று சேர்த்தாள். பேர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். முகவரி கேட்கிற கட்டத்தைக் காலியாக விட்டாள்.

அனுப்பியதும், பக்கத்தின் சொந்தக்காரர் பார்த்து அனுமதித்த பிறகு வெளிவரும் என்று திரையில் வந்தது. ஊர்க்காரர்கள் அத்தனை பேர் வந்து சண்டை போட்ட பிறகு அவர் வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்.

வாரம் கடந்தது. வரவில்லை. அவர் பார்த்துவிட்டு ஒதுக்கியிருப்பார் என்று எண்ணிக்கொண்டாள். அதைக் குறை சொல்லவும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அளவுக்காரர் குட்டைக்கால் பெண்ணொருத்திக்கு அடிரப்பரை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கணினியைத் திறந்தாள். அவள் எழுதியது வெளியே வந்திருந்தது. அதற்குக் கீழே மீட்டர்காரர் எழுதியிருந்தார்.

"என்னங்க" என்றாள். "அவர் ஒண்ணு கேட்டிருக்கார்."

"படி."

"'நிற்கவைத்து வரைய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு காலை மட்டும் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நிற்பது? பென்சிலை யார் பிடிப்பது? அக்காவுக்குக் குனிய வராது.'"

அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார். எழுத்துக்கூட்டித் தானும் ஒருமுறை படித்தார்.

"அவரை வரைய வேண்டாம்னு எழுது. நாம வரோம்னு எழுது."

"எப்ப?"

"இன்னிக்குச் சாயங்காலம். கால் வீங்கியிருக்கற நேரம்."

அவள் விசைகளின்மேல் கை வைத்தாள். வைத்தவள் திரும்பினாள்.

"ஒத்தைக் கால்ல நிக்க அவரால ஆகுமாங்க? விழுந்துடப் போறார்."

"நீ பிடிச்சுக்கோ" என்றார். "நான் வரையறேன்."